கத்தரிக்கோல் தேர்வு: நெசவாளரும் தையற்காரரும் கவனிக்கற்பாலவை

பட்டுச் சேலை உருவாவதற்குத் துணை நிற்கும் கருவிகளைச் சொல்லுங்கள் என்று கேட்டால், தறி, நாடா, பண்ணை, விழுது, இராட்டை, ஜக்கார்டுப் பெட்டி என்று நம் அங்கத்தினர்கள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். கத்தரிக்கோலைச் சொல்பவர் அரியர். ஆனால் சேலை தறியிலிருந்து இறங்கும்போதும், அதன் மறுபுறத்து இழைகள் களையப்படும்போதும், முந்தியில் குஞ்சம் முடியப்படும்போதும் அதைத் தொடுவது கத்தரிக்கோலே. பின்னர் அச்சேலையோடு வந்த ரவிக்கைத் துண்டைத் தையற்காரர் கையில் எடுக்கும்போது, ஊசிக்கு முன்னே வேலை தொடங்குவதும் கத்தரிக்கோலே. நெசவின் கடைசிக் கருவியும் தையலின் முதற்கருவியும் இவ்வாறு ஒன்றாகவே இருக்கின்றன.

சங்கங்களைப் பார்வையிடும் அலுவலில் உள்ள நாம் ஏடுகளைப் புரட்டும்போது ஒன்றைக் காண்கிறோம். பட்டு நூலுக்கு ஓர் ஏடு உண்டு. சரிகைக்கு ஓர் ஏடு உண்டு. சாயத்துக்கும் கூலிக்கும் தனித்தனிக் கணக்குகள் உண்டு. கத்தரிக்கோலுக்கு மட்டும் ஒரு வரியும் இருப்பதில்லை. அது நெசவாளர் தம் கைப்பணத்தில், தெருமுனைக் கடையில் கிடைத்ததை வாங்கிக்கொள்ளும் சில்லறைச் சாமான் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தால் விளையும் நஷ்டம் சில்லறை அன்று. அதனை எடுத்துக்காட்டி, நல்ல கத்தரிக்கோலை எவ்வாறு தேர்வது, எவ்வாறு பேணுவது, இதில் சங்கம் செய்யக்கூடியது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல நாள் உழைப்பும் ஒரு நொடி வெட்டும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஒன்று, வேலைப்பாட்டின் அளவுக்கேற்பப் பத்து நாளும் எடுக்கும். ஒரு மாதமும் எடுக்கும். கோர்வைச் சேலையாயின் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவரோடு துணைக்கு மற்றொருவரும் தறியில் அமர வேண்டும். இத்தனை உழைப்புக்குப் பின், உடலில் புட்டா உள்ள சேலைகளில் ஒரு வேலை எஞ்சி நிற்கிறது. ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் இடையில் சரிகை இழை துணியில் பின்னாமல் மறுபுறத்தில் இழுபட்டுக் கிடக்குமாயின், அதைக் கத்தரித்து நீக்க வேண்டும். பல வீடுகளில் இவ்வேலை பெண்களின் கைக்கு வருகிறது. பகல் வெளிச்சம் போன பிறகு விளக்கொளியில் நடப்பதும் உண்டு.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. கத்தரியின் நுனி மழுங்கியிருந்தால் இழை அறுபடாமல் மடங்குகிறது. மடங்கிய இழையை இழுத்துப் பார்க்கிறோம்; புட்டாவின் ஓரம் சுருங்குகிறது. மறுமுறை சற்று ஆழமாக வெட்டுகிறோம். அடித்துணியின் பட்டு இழை ஒன்றும் சேர்ந்து அறுபடுகிறது. துணியை வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே ஊசிக்கண் அளவு துளை தெரிகிறது. அதை இழையோட்டிச் சரிசெய்யலாம். ஆயினும் பழகிய கண்ணுக்கு மறைக்க முடியாது. பல ஆயிரம் ரூபாய் பெறும் சேலை பழுதுச் சேலையாகிறது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம் பல நாள் கூலியைத் தின்றுவிடுகிறது. நல்ல கத்தரிக்கோல் ஆடம்பரம் அன்று, சேலைக்குச் செய்யும் காப்பீடு என்று நாம் கூறுவதற்குக் காரணம் இதுவே.

கத்தரி எவ்வாறு வெட்டுகிறது?

தேர்வு செய்யத் தெரிய வேண்டுமாயின், கருவி வேலை செய்யும் விதம் முதலில் தெரிய வேண்டும். கத்தி தன் கூரினால் மட்டும் வெட்டுகிறது. கத்தரிக்கோல் அவ்வாறன்று. இரண்டு அலகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடக்கும்போது, அவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட இழை அறுபடுகிறது. ஆதலின் கூரைவிட முக்கியமானது அலகுகளின் பொருத்தம். எவ்வளவு கூராகச் சாணை பிடித்தாலும், அலகுகள் ஒன்றையொன்று தொடாமல் விலகிச் சென்றால் துணி அவற்றிடையே மடிந்து சிக்குமேயன்றி வெட்டுப்படாது.

நல்ல கத்தரியின் அலகுகள் முற்றிலும் நேரானவை அல்ல. ஒவ்வோர் அலகும் மற்றதை நோக்கி மிகச் சிறிதளவு வளைந்திருக்கும். உட்புறம் சற்றே குழிந்திருக்கும். இதனால் எந்த நிலையிலும் இரண்டு அலகுகளும் இரண்டு இடங்களில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. ஒன்று ஆணியை ஒட்டிய இடம். மற்றொன்று அந்த நொடியில் வெட்டு நிகழும் இடம். கைப்பிடியை மூட மூட, இரண்டாவது இடம் ஆணிப்பக்கத்திலிருந்து நுனிவரை நகர்ந்து செல்கிறது. இந்த வளைவைச் சரியாக அமைப்பதே கத்தரி செய்பவரின் கைத்திறன். வார்ப்பிலும் பளபளப்பிலும் எதை வேண்டுமானாலும் காட்டலாம். இந்த வளைவைத் தேர்ந்த கையும் கண்ணும்தான் தர முடியும்.

எந்த வேலைக்கு எந்தக் கத்தரி?

வீட்டில் ஒரே கத்தரிக்கோல் இருக்கிறது. அதனால் சேலையும் வெட்டப்படுகிறது, பால் உறையும் வெட்டப்படுகிறது, ஜக்கார்டு அட்டையும் வெட்டப்படுகிறது. இது அடியோடு மாற வேண்டிய வழக்கம். ஒவ்வொரு வேலையும் வெவ்வேறு வகைக் கத்தரியைக் கேட்கிறது.

தறியருகே இழை நுனிகளைக் களைவதற்கு நான்கு அல்லது ஐந்து அங்குல நீளமுள்ள சிறு கத்தரி போதும். அலகு மெல்லியதாகவும் நுனிவரை வெட்டுவதாகவும் இருக்க வேண்டும். வளையமின்றி, ஒரே எஃகுத் தகட்டை மடித்துச் செய்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் மூடி, விட்டால் தானே விரியும் நூல்வெட்டியும் இதற்கு ஏற்றது. இது மனிதன் கண்ட மிகப் பழைய கத்தரி வடிவங்களில் ஒன்று. நடுவில் ஆணியிட்ட கத்தரி இதற்குப் பின்னர் வந்தது.

மறுபுறத்துச் சரிகை இழைகளைக் களைய, நுனி மேல்நோக்கிச் சற்று வளைந்த பூவேலைக் கத்தரி மிகவும் உகந்தது. வளைந்த நுனி துணியைக் குத்தாமல் அதன்மேல் வழுக்கிச் செல்லும். ஆனால் இக்கத்தரியைச் சரிகைக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். பட்டு இழையின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே நம் அசல் சரிகை. மட்டச் சரிகையில் செப்புக் கம்பி இருக்கிறது. எதுவாயினும் அது உலோகம். உலோகத்தை வெட்டும் அலகு விரைவில் மழுங்கும். மழுங்கிய அலகு பட்டைப் பற்றி இழுக்கும்.

ரவிக்கை முதலியவற்றை வெட்டும் தையற்காரருக்கு எட்டு முதல் பத்து அங்குலக் கத்தரி வேண்டும். கைப்பிடி மேல்நோக்கி வளைந்திருப்பது நலம். அப்போது கீழ் அலகு மேசையின்மீதே படிந்து செல்லும், துணி தூக்கப்படாது, வெட்டும் கோடும் விலகாது. மேல் வளையம் கட்டைவிரலுக்கும், கீழ் வளையம் மூன்று நான்கு விரல்களுக்கும் இடம் தர வேண்டும். நாள் முழுதும் வெட்டுபவருக்கு இது சௌகரியத்துக்காக மட்டும் அன்று. குறுகிய வளையம் கட்டைவிரலின் அடிமூட்டை அழுத்தித் தோலைக் காய்க்கச் செய்யும்; நாளடைவில் வலியே வேலையைக் குறைத்துவிடும்.

ஒட்டுத்தையலும் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைகளும் மற்றொரு வகை. நம் நாட்டில் இதற்கு உயர்ந்த சான்று கோயில் தேர்களில் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகள். பல நிறத் துணிகளை யாளி, மயில், தாமரை என்று உருவங்களாகக் கத்தரித்து அடித்துணியின்மேல் வைத்துத் தைக்கும் இக்கலை தஞ்சாவூர்ப் பகுதியில் பேர்பெற்றது. வங்காளத்துக் காந்தாவும், கருநாடகத்தில் சித்தி இன மகளிர் தைக்கும் கவாண்டிப் போர்வையும் பழந்துணியைப் பயனுள்ளதாக்கும் வேலைகள். ரவிக்கை வெட்டில் எஞ்சும் பட்டுத் துண்டுகளைக்கொண்டு இத்தகைய வேலையைத் தொடங்க விரும்பும் மகளிர் குழுக்கள் இரண்டு கத்தரிகளை வைத்துக்கொள்ள வேண்டும். வளைந்த உருவங்களை வெட்ட ஐந்து அல்லது ஆறு அங்குலக் கூர்நுனிக் கத்தரி ஒன்று. மேல்துணியை மட்டும் வெட்டிக் கீழ்த்துணியைக் காக்க, ஓர் அலகு வாத்தின் அலகைப்போல் அகன்று தட்டையாக இருக்கும் கத்தரி மற்றொன்று. அகன்ற அலகு கீழ்த்துணியை அழுத்திப் பிடித்துக்கொள்வதால் அது வெட்டுக்கு அகப்படாது. நேர்கோட்டில் பல துண்டுகளை ஒரே அளவில் வெட்டுவதற்கு, 1979-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஓல்பா நிறுவனம் வெளியிட்ட உருள்கத்தி இன்று எங்கும் பரவியிருக்கிறது. ஆயினும் வளைவு வேலைக்குக் கத்தரியே கதி.

முசுக்கட்டைத் தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். கவாத்துக் கத்தரியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கூரிய அலகு மற்றோர் அலகை உரசிக் கடக்கிறது. மற்றதில் கூரிய அலகு தட்டையான பட்டையின்மேல் வந்து இறங்குகிறது. பச்சைக் கிளைக்கு முதல் வகையே ஏற்றது. பட்டை நசுங்காமல் வெட்டு வழவழப்பாக விழும். இரண்டாவது வகை காய்ந்த கிளைக்கு ஆகும். நசுங்கிய காயத்தில் நீர் தங்கும், நோய் புகும் என்பதை வளர்ப்போர் அறிவர். பட்டின் தொடக்கமாகிய இலையும் முடிவாகிய சேலையும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: வெட்டு நசுக்கலாகாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

கத்தரிக்கோல் வாங்கச் செல்லும்போது, மெல்லிய பட்டுத் துண்டு ஒன்றையும் பருத்தித் துண்டு ஒன்றையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் காகிதத்தை வெட்டிக் காட்டினால் அதை ஏற்க வேண்டா. காகிதத்தை மட்டமான கத்தரியும் வெட்டும்.

முதற் சோதனை, வெளிச்சச் சோதனை. கத்தரியை மூடி, அலகுகளின் விளிம்புப் பக்கத்தைக் கண்ணுக்கு எதிரே வெளிச்சத்தில் பிடியுங்கள். அலகுகளின் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். நுனியில் இரண்டும் தொட வேண்டும். நடுவில் ஒளியே தெரியாமல் அலகுகள் ஒட்டிக் கிடந்தால் வளைவு இல்லை என்று பொருள். நுனியில் தொடாவிட்டால் அக்கத்தரி இழை களைய உதவாது.

இரண்டாவது, ஆணிச் சோதனை. கத்தரியை நன்றாக விரித்து, ஒரு வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றதை மெல்ல விடுங்கள். அலகு தன் எடையால் இறங்கிப் பாதி வழியிலோ அதைச் சற்றுக் கடந்தோ நிற்க வேண்டும். தடதடவென்று முழுதும் மூடினால் ஆணி தளர்ந்தது. அசையாமல் நின்றால் அளவுக்கு மீறி இறுகியது. விரித்த நிலையில் அலகுகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்; ஆட்டம் இருக்கலாகாது.

மூன்றாவது, பட்டுச் சோதனை. மெல்லிய பட்டை ஒற்றையாக வைத்து, ஆணிப்பக்கத்திலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் வெட்டுங்கள். எங்கேனும் ஓரிடத்தில் கை தடைப்பட்டால் அலகில் பள்ளமோ பிசிறோ உண்டு. பிறகு நுனியால் மட்டும் சிறு வெட்டு ஒன்று போடுங்கள். நுனி துணியை மடிக்காமல் அறுத்தால்தான் அது நெசவாளருக்கு உரியது.

நான்காவது, மடிப்புச் சோதனை. பருத்தித் துண்டை நான்காக மடித்து வெட்டுங்கள். மேல்மடிப்பும் கீழ்மடிப்பும் ஒரே கோட்டில் வெட்டுப்பட வேண்டும். கீழ்மடிப்பு முன்னே தள்ளப்பட்டால் தையல் வேலைக்கு அக்கத்தரி ஆகாது.

இவற்றோடு மற்றொன்றையும் பாருங்கள்: ஆணி எவ்வகையைச் சேர்ந்தது? அடித்து இறுக்கிய ஆணியுள்ள கத்தரி தளர்ந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். திருகாணியுள்ள கத்தரியைப் பிரித்துச் சாணை பிடிக்கலாம். தளர்ந்தால் நாமே சிறிது திருகி இறுக்கலாம். விலை சற்று கூடினாலும், தொழிலுக்கு வாங்குபவர் திருகாணிக் கத்தரியையே வாங்குவது நன்று.

எஃகைப் பற்றிச் சில சொற்கள்

கத்தரிகளில் இருவகை எஃகு வழங்குகிறது. கரி மிகுந்த எஃகு கூர் நன்றாக ஏறும், எளிதில் சாணை பிடிக்கலாம், ஆனால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு பராமரிப்புக்கு எளிது. ஆயின் அதிலேயே தரங்கள் பல. மட்டத் தரம் கூரை நிறுத்தாது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துத் தரம் காண முயல்வோர் உளர். அது பயனற்ற சோதனை. கத்தரிக்கும் கத்திக்கும் ஆகும் கடினமான துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும். பளபளப்பையும் நம்பலாகாது, மென்மையான இரும்பின்மேல் முலாம் பூசினாலும் அது பளபளக்கும்.

எஃகு நம் நாட்டுக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. மூசையில் உருக்கிய தென்னாட்டு எஃகு கடல் கடந்து பேர்பெற்றிருந்தது. இங்கிலாந்தின் ஷெபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740-களில் மூசை எஃகைச் செய்யத் தொடங்கிய பின்னரே, அந்நகரில் வார்ப்பு எஃகுக் கத்தரிகள் பெருகின. ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் தன் பெயரைப் பிறர் கத்திகளிலும் கத்தரிகளிலும் பொறிக்கலாகாது என்று 1938-ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்புப் பெற்றது. பின்லாந்தின் பிஸ்கார்ஸ் நிறுவனம் 1967-ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள கத்தரியை வெளியிட்டது. கையின் அமைப்புக்கேற்பக் கைப்பிடியை வார்க்கும் வழக்கம் அதன் பின்னர் உலகெங்கும் பரவியது.

மீரட்டும் காஞ்சியும்

நம் நாட்டில் கத்தரிக்கோலுக்குப் பெயர்போன ஊர் உத்தரப்பிரதேசத்து மீரட். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளாக அங்கு இத்தொழில் நடைபெறுவதாகக் கூறுவர். பழைய வண்டிகளின் வில்தகடு போன்ற கழிவு எஃகிலிருந்து அலகையும், பழைய உலோகப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடியையும் ஆக்குகின்றனர். ஒரு கத்தரி பலர் கைகளைக் கடந்தே முழுமை பெறுகிறது: அடிப்பவர் ஒருவர், தேய்ப்பவர் ஒருவர், ஆணியிடுபவர் ஒருவர், வளைவு பார்த்துப் பொருத்துபவர் ஒருவர். பாட்டன் வாங்கினால் பேரன் வெட்டுவான் என்பது அவ்வூர்க் கத்தரியைப் பற்றி அங்கு வழங்கும் பழமொழி. பழுதானால் மீண்டும் பிரித்துச் சரிசெய்யத்தக்கதாக அது அமைவதே இப்பெயருக்குக் காரணம்.

மீரட் கத்தரிக்கோல் 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 2005-06-ஆம் ஆண்டில், காஞ்சிபுரம் பட்டு அக்குறியீட்டைப் பெற்றுவிட்டது. இவ்விரண்டு ஊர்களின் துன்பமும் ஒன்றே. அங்கே மலிவான இறக்குமதிக் கத்தரிகள் சந்தையை நிரப்பிப் பட்டறைகளை நெருக்குகின்றன. இங்கே விசைத்தறியில் நெய்த போலிப் பட்டு காஞ்சிபுரத்தின் பெயரால் விற்கப்படுகிறது. வாங்குவோர் அசலைக் கேட்டு வாங்க வேண்டும், கைத்திறனுக்குரிய விலையைத் தர வேண்டும் என்று நாம் ஊரெங்கும் வேண்டுகிறோம். அவ்வாறு வேண்டும் நம் தறியருகே, சில மாதங்களில் எறியப்படும் பெயரற்ற கத்தரி கிடக்குமாயின், நம் சொல்லுக்கு நாமே மதிப்புத் தரவில்லை என்றாகும். மீரட் கத்தரிதான் வாங்க வேண்டும் என்று நாம் விதிக்கவில்லை. மேற்கூறிய சோதனைகளில் எது தேறுகிறதோ அதுவே நல்லது. ஆனால் ஒரு கைவினைஞர் மற்றொரு கைவினைஞரின் பொருளை முதலில் எடுத்துப் பார்ப்பது முறை.

இடக்கைப் பழக்கமுடையோர்

இடக்கையால் வேலை செய்வோர் நம் தறிக்கூடங்களிலும் தையற்கூடங்களிலும் உளர். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் கட்டைவிரலின் அழுத்தம் அலகுகளைச் சேர்ப்பதற்கு மாறாக விலக்குகிறது. வெட்டும் கோடும் அலகின் பின்னே மறைந்துவிடுகிறது. எனவே அவர் வெட்டு கோணலாவது அவர் கையின் குற்றம் அன்று. வளையத்தின் வடிவத்தை மட்டும் மாற்றி இடக்கைக்கும் ஆகும் என்று விற்பதை நம்ப வேண்டா. அலகுகளே இடம் மாறி அமைந்திருக்க வேண்டும். அத்தகைய கத்தரிகள் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தையல் பழக்கும் தாய்மார்கள் இதனை விசேஷமாகக் கவனிக்க.

பேணும் முறை

நல்ல கத்தரி வாங்குவது பாதி வேலை, பேணுவது மறுபாதி. துணிக் கத்தரியால் காகிதத்தை வெட்டலாகாது. காகிதத்தில் வெண்மைக்காகவும் வழவழப்புக்காகவும் சேர்க்கப்படும் களிமண்ணும் சுண்ணப்பொடியும் அலகை அராவிவிடும். ஜக்கார்டு அட்டைக்கும் கோட்டுருக் காகிதத்துக்கும் பழைய கத்தரி ஒன்றை ஒதுக்குங்கள். வீட்டிலுள்ளோர் மறவாதிருக்க, பட்டுக் கத்தரியின் வளையத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வைக்கலாம்.

கத்தரியைத் தறிக்குழியில் வைக்கலாகாது. குழியின் ஈரம் ஓரிரவில் துருவை வருவிக்கும். துருவின் கறை வெளிர்நிறப் பட்டில் ஏறினால் போவது அரிது. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் அலகைத் துடைத்து, உறையிலிட்டு, தறிமரத்தில் உயரே தொங்கவிடுக. வாரம் ஒருமுறை ஆணியில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு இடுக. இட்ட பிறகு கழிவுத் துணியைப் பத்துப் பன்னிரண்டு முறை வெட்டி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிய பின்னரே பட்டைத் தொட வேண்டும். கத்தரி கீழே விழுந்தால், கூர் கெடாததுபோல் தோன்றினாலும், வெளிச்சச் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள். விழுந்த வேகத்தில் கெடுவது பெரும்பாலும் வளைவே.

சாணை பிடிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அலகின் சரிந்த வெளிவிளிம்பை மட்டுமே தேய்க்க வேண்டும். தட்டையான உட்புறத்தைச் சாணைக்கல்லில் வைத்தால் குழிவு போய்விடும். பின்னர் அக்கத்தரியை எவராலும் மீட்க முடியாது. மின்சாரச் சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்து அலகு நீலம் பாய்ந்தால், எஃகின் கடினம் அவ்விடத்தில் இறங்கிவிட்டது என்று அறிக. மெல்லிய பல்வெட்டு உள்ள அலகு வழுக்கும் பட்டைப் பற்றிக்கொள்வதில் வல்லது. ஆனால் அதைச் சாதாரணச் சாணையில் கொடுத்தால் பல் அழியும். இவற்றைத் தெரிந்தவரிடமே கத்தரியைக் கொடுங்கள்; தெருவில் குரல் கேட்டது என்பதற்காகக் கொடுத்துவிட வேண்டா.

சங்கம் செய்யக்கூடியவை

தனி நெசவாளர் ஒருவர் கடைக்குச் சென்று ஒரு கத்தரி வாங்கினால், பொருளின் தரத்தையும் விலையையும் கடைக்காரரே தீர்மானிக்கிறார். நூறு அங்கத்தினர்களுக்காகச் சங்கம் வாங்கினால் தீர்மானிப்பவர் நாம் ஆகிறோம். இதுவே கூட்டுறவின் அரிச்சுவடி. இப்பாடத்தைக் காஞ்சிபுரத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் வந்த அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே, நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது இந்நகரில்தான். வட்டிக் கடைக்குத் தனியே செல்லாமல் ஒன்றுகூடிய ஊர், கத்தரிக் கடைக்கும் ஒன்றுகூடலாம்.

நாம் முன்வைக்கும் யோசனைகள் நான்கு. ஒன்று: சங்க நிர்வாகக் குழு, அனுபவம் வாய்ந்த நெசவாளர் ஒருவரையும், இழை களையும் வேலையும் குஞ்சம் முடியும் வேலையும் செய்யும் பெண் ஒருவரையும், தையற்காரர் ஒருவரையும் சேர்த்து ஒரு சிறு தேர்வுக் குழு அமைக்கலாம். கருவியைப் பிடிக்கும் கையே கருவியைத் தேர வேண்டும். இரண்டு: இரண்டு மூன்று இடங்களிலிருந்து மாதிரிகள் வருவித்து, மேற்கூறிய சோதனைகளில் தேறியதை மொத்தமாக வாங்கி, அடக்கவிலைக்கே அங்கத்தினர்க்கு வழங்கலாம், விலையைக் கூலியில் சிறு தவணைகளாகப் பிடித்துக்கொள்ளலாம். இடக்கையாளர் எத்தனைபேர் என்று முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். மூன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்ந்த சாணைக்காரரைச் சங்கத்துக்கு வரவழைத்து, ஒரே நாளில் அனைவர் கத்தரிகளையும் சரிசெய்யலாம். நான்கு: பழுதுச் சேலைகளைப் பதியும்போது, பழுதின் காரணத்தையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். இழை களைகையில் நேர்ந்த வெட்டுப் பழுதுகள் எத்தனை என்று ஓராண்டில் தெரிந்துவிடும். கத்தரிக்குச் செலவிட்டது மிச்சமா, நஷ்டமா என்பதை அவ்வேடே சொல்லும்.

கடைசி யோசனையே முக்கியமானது என்பது நம் கருத்து. காரணம் எழுதப்படாத பழுது, நெசவாளர் கூலியிலிருந்து கழிக்கப்படும் தொகையாக மட்டும் நின்றுவிடுகிறது. கை தவறியதா, கருவி தவறியதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால், விளக்கடியில் இழை களையும் பெண்ணின்மேல் சுமத்தப்படும் குறையில் ஒரு பங்கு மழுங்கிய அலகுக்கு உரியது என்பது விளங்கும்.

ஆகவே அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுக் கத்தரிக்கோலையும் உடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். அவற்றை மேசையில் வரிசையாக வைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். எத்தனை தேறுகின்றன என்று எண்ணிய பிறகு, கணக்கேட்டில் கத்தரிக்கோலுக்கு ஒரு வரி வேண்டுமா, வேண்டாவா என்பதைக் கூட்டமே முடிவு செய்யட்டும்.